நேரத்துக்கும் பி.எஃப். பிடியுங்கள்!

"எங்க சார் டைம் இருக்கு?"

இந்த வசனத்தை இன்று எத்தனை தடவை சொன்னீர்கள்? 'தினம் அரை மணி நடங்க' என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தபோது ஒரு தடவை. 'ஊருக்கு வந்து நாலு மாசமாச்சேப்பா' என்று அம்மா போனில் இழுத்தபோது ஒரு தடவை. 'ஞாயித்துக்கிழமையாவது கூட்டிட்டுப் போங்களேன்' என்று வீட்டில் கேட்டபோது ஒரு தடவை. அதே நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, முன்பின் தெரியாத ஒருத்தர் பரோட்டாவுக்கு மாவு பிசைவதை செல்போனில் முக்கால் மணி நேரம் பார்த்தீர்களே, அதற்கு மட்டும் டைம் எங்கிருந்து வந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள் ஸார். நான் காமர்ஸ் படித்தவன். எது காணாமல் போனாலும் "வவுச்சர் இருக்கா?" என்று கேட்டே பழகிவிட்டது.

இதற்கிடையே, நம் நேரத்தை மற்றவர்கள் ஏலம் விடுகிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய வீடியோ ஒன்று பரவி, ஏலம் 90-க்கு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்கிற மாதிரி அவர் கேட்டுவைக்க, ஊரே கொதித்தது. 'நான் மட்டும் இவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்?' என்று எத்தனை மனைவிமார்கள் மனசுக்குள் நினைத்தார்களோ, அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

அந்த வம்பு கிடக்கட்டும். நாம் நம் கணக்கைப் போடுவோம்.

கையிருப்பு 168

வாரத்துக்கு ஏழு நாள். நாளைக்கு 24 மணி. ஆக மொத்தம் 168 மணி நேரம். முதலாளிக்கும் இதேதான், வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் இதேதான். ஓப்பனிங் பேலன்ஸ் கிடையாது. மிச்சம் பிடித்து அடுத்த வாரத்துக்கு கேரி ஃபார்வர்டு செய்யவும் முடியாது.

தூக்கம் தினம் ஏழு மணி என்றால் 49. ஆபீஸ், மதியச் சாப்பாட்டையும் சேர்த்து ஒன்பது மணி வீதம் ஆறு நாளைக்கு 54. போக வர இரண்டு மணி என்றால் 12. குளியல், சவரம், டிபன், சாப்பாடு வகையில் தாராளமாக 14. கூட்டினால் 129. மீதி?

முப்பத்தொன்பது மணி நேரம்!

அடேயப்பா என்கிறீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. கால்குலேட்டரைத் தட்டி மறுபடி பார்த்தேன். 39-தான்.

இதே கணக்கில் ஆபீஸுக்கு 54-க்குப் பதில் 90 போட்டுப் பாருங்கள். மிச்சம் மூன்று மணி நேரம். அதற்குள் முடி வெட்டிக்கொண்டு, மளிகை வாங்கி, கரண்ட் பில் கட்டி, பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறான் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதம் அதிகம். இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம். ஓவர்டைம் கணக்கை உடம்பும் தன் பங்குக்கு எழுதி வைத்துக்கொள்கிறது. பில்லைத்தான் லேட்டாக அனுப்புகிறது.

இந்த 39 ஓசியில் வந்ததா?

இல்லை. நாளை மூன்றாகப் பிரித்து, எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி சொந்த வாழ்க்கை என்று 1817-லேயே பேசியவர் ராபர்ட் ஓவன். தொழிலாளி அல்ல, ஸ்காட்லாந்தில் பஞ்சாலை நடத்திய முதலாளி! 1886-ல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டம் ரத்தத்தில் முடிந்தது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட முதல் ஒப்பந்தமே, தொழிற்சாலைகளில் நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். அதிலும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் 60 என்று விதிவிலக்கு வைத்தார்கள். 1923 மே முதல் தேதி சென்னையில் சிங்காரவேலர் கொடியேற்றி, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

நூறு வருஷம் கழித்தும் அந்தக் கயிறு இழுபடுகிறது. 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார்.

ஆக, யார் யாரோ அடிபட்டு வாங்கிக் கொடுத்த நேரம் இது. அதைத்தான் நாம் பரோட்டா மாவுக்குத் தாரை வார்த்துக் கொண்டிருக்கிறோம்.

சில்லறையாகப் போகிறது

39 மணி நேரம் இருந்தும் ஏன் கையில் நிற்பதில்லை? ஐந்நூறு ரூபாய் நோட்டை மாற்றிப் பாருங்கள், தெரியும். நோட்டாக இருக்கிறவரை பத்திரம். சில்லறையானால் சாயங்காலத்துக்குள் காலி. நம் நேரம் நோட்டாக வருவதில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று சில்லறையாகவே வருகிறது. கம்பெனியில் டீச் செலவுக்கும் ஆட்டோவுக்கும் பெட்டி கேஷ் புத்தகம் வைக்கிறோம். சொந்த நேரத்துக்கு அதுகூட இல்லை.

ஒரே ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். பிரமாதமான அட்டவணையெல்லாம் வேண்டாம். 'மாலை 6:30 முதல் 7:10 வரை, ஆபீஸ் வாசலில் புரொமோஷன் பற்றிப் புலம்பல்', '9:15 முதல் 9:40 வரை, டி.வி.யில் சேனல் மாற்றியது. எதையும் பார்க்கவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பொய்க் கணக்கு வேண்டாம். இதற்கு இன்கம்டாக்ஸ் கிடையாது.

செல்போன் கணக்கை நீங்கள் எழுத வேண்டியதே இல்லை. அதுவே எழுதி வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' அல்லது 'ஸ்கிரீன் டைம்' என்று இருக்கும். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். உட்கார்ந்துகொண்டு பார்ப்பது நல்லது.

குற்றம் முழுக்க உங்கள் மேல் இல்லை. பழைய இன்டர்நெட்டில் ஒரு பக்கம் முடிந்தால் 'அடுத்த பக்கம்' என்று பட்டன் இருக்கும். அந்த ஒரு நொடியில் 'போதும்' என்று எழுந்துவிடலாம். 2006-ல் அஸா ராஸ்கின் என்ற டிசைனர், தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை வடிவமைத்தார். பிற்பாடு அதற்காக அவரே பகிரங்கமாக வருந்தினார். கல்யாணப் பந்தியில் வயிறு நிறைந்தால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். செல்போன், இலையை மடிக்க முடியாத பந்தி. பரிமாறுகிறவர் போகவே மாட்டார். நாம்தான் எழுந்திருக்க வேண்டும்.

பி.எஃப். தத்துவம்

"சரி, எழுதிப் பார்த்தாச்சு. மிச்சம் பிடிக்க முடியலையே" என்பீர்கள். முடியாது. சம்பளத்தைக் கையில் வாங்கி, செலவெல்லாம் போக மாசக் கடைசியில் மிச்சத்தைச் சேமிப்போம் என்று நினைத்த எவனாவது சேமித்திருக்கிறானா? இந்த ரகசியம் தெரிந்துதான் 1952-லேயே பி.எஃப். சட்டம் போட்டார்கள். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவிகிதம், கைக்கு வருவதற்கு முன்பே 'கட்'. கண்ணில் படாத பணத்துக்கு யாரும் ஆசைப்படுவதில்லை. மீதியில் குடும்பம் ஓடத்தான் ஓடுகிறது.

நேரத்துக்கும் அதையே செய்யுங்கள். 168-ல் 12 சதவிகிதம் எவ்வளவு? இருபது மணி நேரம். வாரம் பிறப்பதற்கு முன்பே அதை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். மிச்சமிருப்பதை ரீல்ஸோ, வம்போ, மேனேஜரோ எடுத்துக்கொண்டு போகட்டும்.

'இருபதா? டெலிவரி வேலை பார்க்கிறேன், எனக்கு ஞாயிறே கிடையாது' என்கிற தம்பிகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு சதவிகிதத்தில் ஆரம்பம். அது வாரத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம். தொகை முக்கியமில்லை, முதலில் பிடிப்பதுதான் முக்கியம்.

தூக்கத்திலிருந்து மட்டும் பிடிக்காதீர்கள். அது முதலீட்டில் கை வைப்பது. வட்டி கட்டி மாளாது.

இருபதை எப்படிப் பிரிப்பது?

நான் போட்ட பட்ஜெட் இது. உங்கள் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உடம்புக்கு 4. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்சமே வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உடற்பயிற்சிதான். வேகநடை போதும். ஜிம்மில் ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பத்து நாள் போவது உடற்பயிற்சி அல்ல, நன்கொடை.

வீட்டுக்கு 9. இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

தனக்கு 4. அதாவது சம்பளத்துக்கும் சம்பந்தமில்லாத, புரொமோஷனுக்கும் உதவாத ஒரு காரியம். ஹார்டிக்கு 1913-ல் கடிதம் எழுதியபோது ராமானுஜன், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியராக இருந்துகொண்டுதான் கதைகளாக எழுதித் தள்ளினார். வண்ணதாசன் வங்கி ஊழியர். சினிமா வரலாறும் காட்டுயிரும் எழுதிய தியடோர் பாஸ்கரன் தபால் துறை அதிகாரி. நீங்களும் நானும் ராமானுஜன் ஆக வேண்டாம். உருப்படியாக ஒரு ரசம் வைக்கக் கற்றுக்கொண்டால் போதும். கேரமோ, கீபோர்டோ, நூலக உறுப்பினர் அட்டையோ, ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றிய பிறகும் 'நீ யார்?' என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டாமா?

'இதற்கெல்லாம் எங்கே ஸார் உட்கார்வது?' மின்சார ரயிலில்தான்! கடற்கரையிலிருந்து தாம்பரம் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். போக வர இரண்டு. மாசத்துக்கு 25 நாள் என்றால் வருஷத்துக்கு 600 மணி நேரம், அதாவது முழுசாக 25 நாள் ரயிலிலேயே குடித்தனம். நிற்க இடமில்லாத நாளில்கூட காதுக்கு வேலை கொடுக்கலாம்.

கடைசியாக, சும்மாவுக்கு 3. இதில் எந்த முன்னேற்றமும் கூடாது. மொட்டை மாடி, திண்ணை, டீக்கடை பெஞ்சு, எங்கே வேண்டுமானாலும். ஒரே நிபந்தனை, செல்போன் வேண்டாம். நேரத்தைச் சிக்கனம் செய்கிறேன் பேர்வழி என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பட்டியல் போட்டு, பல் தேய்க்கும்போதும் இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் செய்கிற ஆசாமிகளைப் பார்த்தால் எனக்குப் பயம். அவர்கள் ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு வருகிறார்கள், அவ்வளவுதான்.

யார் கணக்கில் டெபிட்?

இப்போது அந்த 9-க்கு வருவோம்.

1494-ல் வெனிஸ் நகரில் லூகா பச்சோலி என்ற துறவி அச்சிட்ட கணித நூலில்தான், இரட்டைப் பதிவு முறை முதன்முதலில் அச்சில் விளக்கப்பட்டது. பி.காம். முதல் வருஷத்தில் எங்களைப் படுத்தியெடுத்த பாடம். சாராம்சம் ஒரு வரிதான். ஒரு கணக்கில் வரவு என்றால், இன்னொரு கணக்கில் பற்று இருந்தே தீர வேண்டும்.

உங்கள் 39 மணி நேர ஓய்வு, வரவு. சரி. பற்று யாருக்கு?

மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல், இந்தியர்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று நாடு முழுக்க சர்வே எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவிடுவது நாளுக்கு 299 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஞாயிறு உட்பட. ஆண்கள்? 97 நிமிஷம். 'பரவாயில்லையே' என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டும்தான் அது. அப்படிக் கை வைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

ஆக, நாம் சோபாவில் சாய்ந்து 'அப்பாடா' என்கிறோமே, அந்த அப்பாடாவுக்கு உரிய பற்று சமையலறைக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அம்மாவோ மனைவியோ கையெழுத்துப் போடாமலேயே! அவர்களும் காலையில் பஸ் பிடித்து ஆபீஸ் போய் வருகிறவர்களாக இருந்தால், கணக்கு இன்னும் மோசம்.

அதனால் அந்த ஒன்பதில் பாதி, ஒரு வீட்டு வேலையை முழுசாகப் பொறுப்பேற்றுக்கொள்வதற்கு. 'உதவி' என்று சொல்லாதீர்கள். சம்பளப் பட்டியல் போடுகிற குமாஸ்தா, 'கம்பெனிக்கு உதவி பண்றேன்' என்றா சொல்கிறார்? பாத்திரம் என்றால் பாத்திரம், துணி என்றால் துணி. சோப்பு தீர்ந்துவிட்டதைக் கவனிப்பதும் உங்கள் வேலை. மேன்ஷனில் இருக்கும் பிரம்மச்சாரிகள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஊருக்குப் போனால் அழுக்குத் துணி மூட்டையோடு போகிறீர்களே, அது யார் கணக்கு?

மிச்சப் பாதி, மனிதர்களோடு இருப்பதற்கு. இதில் ஒரு அவசரம் இருக்கிறது. ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். ராத்திரி ஒன்பதரைக்கு முன் வீடு திரும்பியதில்லை. வந்த பிறகும் போன். ஒருநாள் சீக்கிரம் வந்தவர், ஐந்து வயது மகள் தனியாக விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். டி.வி. ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்து, "நாளைக்குப் பாக்கலாம்... நாளைக்குப் பாக்கலாம்..." என்கிறதாம். "என்ன கண்ணு விளையாட்டு?" என்று கேட்டிருக்கிறார்.

"அப்பா விளையாட்டு."

இதை என்னிடம் சொன்னபோது நண்பர் சிரிக்கவில்லை. ஆபீஸ் ஃபைல் நாளைக்கும் அதே மேஜையில் இருக்கும். ஐந்து வயது அடுத்த வருஷம் இருக்காது. கிராமத்தில் இருக்கும் அப்பாவின் எழுபத்திரண்டு வயதும் அப்படித்தான். இவையெல்லாம் தேதி போட்ட செக்குகள். தேதி தாண்டினால் எந்த பேங்க்கும் வாங்காது.

இந்த பி.எஃப்.பில் ஒரு சந்தோஷமான ஷரத்தும் உண்டு. நாம் கட்டுகிற அளவுக்கு எதிர்த் தரப்பும் கட்டும். குழந்தையோடு ஒரு மணி நேரம் இருந்தால், குழந்தையும் தன் பங்குக்கு ஒரு மணி நேரம் நமக்குத் தருகிறது.

மேனேஜரை என்ன செய்வது?

"இதெல்லாம் எங்க மேனேஜர் கிட்ட சொல்லுங்க ஸார்!" நியாயம்தான். பிரான்ஸில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும், வேலை நேரம் முடிந்த பிறகு ஆபீஸ் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டார்கள். அதுபோல இங்கே வரும்வரை, கைவசம் இருக்கும் சில வைத்தியங்கள்:

● பார்க்கின்சன் என்கிற பேராசிரியர், சிங்கப்பூரில் சரித்திரம் போதித்துக் கொண்டிருந்தவர், 1955-ல் ஒரு விதி சொன்னார். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வேலை அந்த அளவுக்கு உப்பிக்கொள்ளும். எட்டு மணிவரை இருப்பதாகத் தீர்மானித்தால், ஐந்தரை மணி வேலை எட்டு மணிக்குத்தான் முடியும். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

● 'முடியாது' என்று சொல்லாதீர்கள். "இதை முதல்ல முடிக்கட்டுமா, அதையா சார்?" என்று கேளுங்கள். வரிசை போடுவது அவர் வேலை.

● 'அஞ்சு மணிக்கு கிரிக்கெட்' என்றால் மேனேஜர் முறைப்பார். 'அஞ்சு மணிக்கு டாக்டர்' என்றால் விடுவார். பொய் சொல்லச் சொல்லவில்லை. விளையாட்டும் வைத்தியம்தான் என்று முதலில் நீங்கள் நம்புங்கள். அப்புறம் குரலில் தயக்கம் இருக்காது.

● செல்போன் ராத்திரி படுக்கையறையில் தூங்க வேண்டாம். கூடத்தில் தூங்கட்டும். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்குங்கள்.

● ஒரு வாரம் தவறினால் 'போச்சு' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு மாசம் பிடிக்கத் தவறினால் பி.எஃப். கணக்கையே மூடிவிடுகிறோமா என்ன?

58 வயதில் ரிடையர் ஆகும்போது கம்பெனி ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுக்கும். வேடிக்கையைப் பாருங்கள், நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைக் கொடுக்கிறார்கள்! அன்றைக்கு நடக்கிற கால், பேச நாலு நண்பர்கள், கூப்பிட்டால் வருகிற பிள்ளைகள், தானாகக் கற்றுக்கொண்ட ஒரு வித்தை, இவையெல்லாம் கையில் இருந்தால் அதுதான் வட்டியும் முதலும். அந்தக் கணக்கை 57-வது வயதில் ஆரம்பிக்க முடியாது.

இந்தக் கட்டுரையைப் படித்த பத்து நிமிஷத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசிக்கிறீர்களா? 'தனக்கு' என்று எழுதிக்கொள்ளுங்கள். வவுச்சர் கேட்டால், இந்தப் பக்கத்தைக் கிழித்து இணைத்துவிடலாம்!